ஓசை, சூடு, வாடை: வீட்டுச் சாதனங்கள் பழுதாவதற்கு முன்

மிக்சியோ ஃப்ரிட்ஜோ ஒரே நாளில் கெட்டுப்போவது அரிது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்று மெக்கானிக்கிடம் கொண்டுவரப்படும் சாதனங்களில் பெரும்பாலானவை, பல வாரங்களாகவே வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஓசை மாறியிருக்கும். சுடாத இடம் சுட்டிருக்கும். முன்பு பத்து நிமிடத்தில் முடிந்த வேலைக்குப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் கேட்டுப் பழகிய காதுக்கும் மெல்ல வரும் மாற்றம் உறைப்பதில்லை. அந்த மாற்றத்தின் காரணம் தெரிந்திருந்தால் உறைக்கும். அப்போது நூறு ரூபாயில் முடிகிற வேலை ஆயிரங்களுக்குப் போகாது.

சாதனம் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். வாங்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை அது வேலையாக மாற்றுகிறது. மீதி வெப்பமாகவும் அதிர்வாகவும் ஓசையாகவும் வீணாகிறது. சாதாரண மின்விசிறி இழுக்கும் 75 வாட்டில் கணிசமான பங்கு காற்றாக வராமல் மோட்டாரைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. பேரிங்கில் கிரீஸ் காய்ந்தாலும், ஒரு திருகு தளர்ந்தாலும், கார்பன் தேய்ந்தாலும் இந்த வீண்பங்கு ஏறும். ஏறியது வெளியே தெரிவது ஓசையாகவோ சூடாகவோ வாடையாகவோதான்.

இவற்றில் கொடியது சூடு. மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, கடைக்காரர்கள் 'காயில்' என்பதை, மெல்லிய வார்னிஷ் பூச்சுதான் காக்கிறது. அமெரிக்க மின்பொறியாளர் மாண்ட்சிங்கர் 1930-ல் மின்மாற்றிகளை ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னார்: வெப்பநிலை ஏறத்தாழ 8 முதல் 10 டிகிரி கூடும் ஒவ்வொரு முறையும் காப்புப்பொருளின் ஆயுள் பாதியாகும். மோட்டார்களுக்கும் இதுவே தோராய விதியாகக் கொள்ளப்படுகிறது. இருபது ஆண்டு உழைக்க வேண்டிய காயில், வழக்கத்தைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் ஓடிக்கொண்டே இருந்தால் ஐந்தே ஆண்டில் எரியலாம். "கொஞ்சம் சூடாகுது, ஆனா ஓடுது" என்று விட்டுவைப்பதன் விலை இதுதான்.

மின்விசிறியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சத்தம் போடும் விசிறியில் முதலில் செய்ய வேண்டியது சுவிட்சை அணைப்பதுதான். அணைத்த நொடியே சத்தம் நின்று, இறக்கைகள் மட்டும் ஓசையில்லாமல் சுற்றி அடங்கினால் அது மின்சார ரீங்காரம். இறக்கை நிற்கும் வரை சத்தமும் கூடவே வந்தால் அது பேரிங் அல்லது தளர்ந்த பாகம். மின்னணு ரெகுலேட்டர் வைத்த வீடுகளில் குறைந்த வேகத்தில் மட்டும் ரீங்காரம் கேட்டு, முழு வேகத்தில் மறைந்துவிடுவது உண்டு. ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி அனுப்புவதால் வரும் ஓசை அது. விசிறியில் பழுது இல்லை.

விசிறி ஆண்டுக்கு ஆண்டு மெதுவாகிக்கொண்டே போனால் பெரும்பாலும் காரணம் கெப்பாசிட்டர். கடைகளில் இதைக் 'கண்டென்சர்' என்பார்கள். வீட்டுக்கு வரும் ஒருமுனை மின்சாரத்தால் சுழலும் காந்தப்புலத்தைத் தானாக உண்டாக்க முடியாது. அது முன்னும் பின்னும் துடிக்க மட்டுமே செய்யும். இரண்டாவது காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கெப்பாசிட்டர் சற்று முன்தள்ளி விடுவதால்தான் புலம் சுழல்கிறது, விசிறியும் சுழல்கிறது. உள்ளே பிளாஸ்டிக் படலத்தின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். படலத்தில் எங்காவது பலவீனமான புள்ளி உடைந்தால், அதைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகிப் பழுது தானே ஆறிவிடும். அருமையான ஏற்பாடு, ஆனால் ஒவ்வொரு முறை ஆறும்போதும் துளிப் பரப்பு குறைகிறது. 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் சில ஆண்டுகளில் 2-க்கும் கீழே இறங்கிவிடுவது இப்படித்தான். சுவிட்சைப் போட்டதும் விசிறி முனகிக்கொண்டு நின்றால், குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டதும் ஓடத் தொடங்கினால், கெப்பாசிட்டர் முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம். முனகியபடி நிற்கும் மோட்டாரை அப்படியே விட்டுவைப்பது காயிலை வேகவைப்பதற்குச் சமம். தண்ணீர் மோட்டாரிலும் இதே அறிகுறிக்கு இதே பொருள். அங்கே மின்னோட்டம் பல மடங்கு என்பதால் காயில் எரியச் சில நிமிடங்களே போதும்.

விசிறி ஆடுவது தனிக் கவனத்துக்கு உரியது. இறக்கைகளில் தூசி ஏற்றத்தாழ்வாகப் படிந்தாலும், ஒன்று வளைந்தாலும் ஆட்டம் வரும். அது பெரிய விஷயமில்லை. மேலே கொக்கியில் மாட்டும் இடத்திலுள்ள ரப்பர் உருளை தேய்ந்திருப்பதும், போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் பிளவு ஊசி இல்லாமல் போயிருப்பதும் வேறு விஷயம். தொட்டிலுக்கு மேல் தொங்கும் விசிறியில் இந்த இரண்டையும் ஆண்டுக்கு ஒருமுறை ஏணி போட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

தமிழ்நாட்டு அரசின் விலையில்லாப் பொருள் திட்டத்தில் 2011 முதல் விசிறியோடு சேர்த்து வழங்கப்பட்டவை மிக்சியும் கிரைண்டரும். மிக்சியின் மோட்டார் வேறு வகை. கார்பன் பிரஷ் என்னும் இரண்டு கரிக்கட்டைகள், சுழலும் ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளை உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கின்றன. நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று ஓடும் இடத்தில் உரசினால் கரி தேயத்தான் செய்யும். இருட்டில் காற்றுத் துளை வழியே பார்த்தால் நல்ல மிக்சியிலும் கரி தொடும் இடத்தில் சிறு நீலப் பொறி தெரியும். பொறி பெருகி, செம்புப் பட்டையைச் சுற்றி வளையம்போல் எரியத் தொடங்கினால் கரி தேய்ந்துவிட்டது அல்லது ஆர்மேச்சர் கெட்டுவிட்டது. கரி மட்டும் என்றால் செலவு சொற்பம். தள்ளிப்போட்டால் அந்தப் பொறியே செம்புப் பட்டையை அரித்து ஆர்மேச்சரையே மாற்ற வைக்கும்.

புதிய மிக்சியில் முதல் சில நாள் வரும் லேசான வார்னிஷ் வாடை இயல்பானது. பழைய மிக்சியில் அதே வாடை திடீரென்று வந்தால் காயில் பொசுங்குகிறது. அடியில் சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளி மிக்சி நின்றுபோவது பழுது இல்லை. மாவு இறுகியதாலோ நிறுத்தாமல் ஓட்டியதாலோ ஏறிய மின்னோட்டத்தை அது தடுத்திருக்கிறது. ஆறவிட்டு அழுத்தினால் போதும். ஆனால் சாதாரணச் சட்னிக்கே அது அடிக்கடி தள்ளினால் மோட்டார் தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்தப் பொத்தான் தள்ளாதபடி டேப் ஒட்டி ஓட்டும் வீடுகளும் உண்டு. மோட்டாருக்கு இருக்கும் ஒரே காவலை எடுத்துவிடுவது அது.

ஜாரைக் கவிழ்த்துப் பார்ப்பது பத்து நொடி வேலை. அடியில் கருப்பாகப் பிசுபிசுவென்று ஏதாவது ஒட்டினால் பிளேடு சுழலும் புஷ்ஷும் அதன் சீலும் தேய்ந்துவிட்டன. பிளேடை விரலால் மெல்லப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆடும். தேய்ந்த உலோகமும் எண்ணெயும் அரைக்கும் தேங்காயோடு சேர்கின்றன. ஜாரிலிருந்து ஒழுகும் நீர் மோட்டாரில் இறங்குகிறது. கோவையில் பிறந்து வளர்ந்த வெட் கிரைண்டரில் இதற்கு இணையான அறிகுறி பெல்ட்டில் தெரியும். உளுந்து கெட்டியாகும்போது மட்டும் கல் தயங்கிச் சுற்றினால், ரப்பர் கருகும் வாடை வந்தால், கிரைண்டருக்கு அடியில் கரும்பொடி உதிர்ந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது.

இனி ஃப்ரிட்ஜ். வீட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் இயந்திரம் இது ஒன்றுதான். அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. "கேஸ் தீர்ந்துபோச்சு, கேஸ் அடிக்கணும்" என்பது தமிழ்நாட்டில் எல்லாரும் கேட்ட வாக்கியம். ஃப்ரிட்ஜில் கேஸ் தீர்வதில்லை. அது பற்றவைத்து மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகி வெப்பத்தை வாங்கி, வெளியே திரவமாகி அதை விடுகிறது. எரிபொருள்போல் செலவாவதே இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடி அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் சில மாதத்தில் அதே இடத்தில் வந்து நிற்கும். ஓட்டை எங்கே என்று கேட்டு, காட்டச் சொல்லி, அதன் பிறகே பணம் கொடுக்க வேண்டும். புதிய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் இருக்கிறது, எரியக்கூடியது. பின்பக்க ஸ்டிக்கரில் அது எழுதியிருந்தால், அந்த வாயுவைக் கையாளத் தெரிந்தவரையே அழைக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்றால் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது வெளியே, இரு பக்கச் சுவர்களை. இன்றைய ஃப்ரிட்ஜ்களில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் அந்தச் சுவர்களுக்குள் ஓடுகிறது. கம்ப்ரசர் ஓடும்போது அவை வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளிருந்து வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கிறது, கேஸ் சுற்றுகிறது. கம்ப்ரசர் ஓடியும் சுவர் சில்லென்றே இருந்தால் கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது கம்ப்ரசரின் அமுக்கும் திறன் போயிருக்கலாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் இன்னொரு சான்றும் கிடைக்கும். கேஸ் குறைந்தால் ஃப்ரீசர் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் பனி பிடித்து, மறுபக்கம் வெறுமையாக நிற்கும்.

இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் அடிக்கடி நடப்பது வேறு. மேலே ஐஸ் நன்றாகக் கட்டும். கீழே பால் திரியும். குளிர்ச்சி உண்டாகிறது, கீழே வந்து சேரவில்லை. இந்த வகையில் குளிர்க் குழாயில் படியும் பனியை ஒரு சிறு ஹீட்டர் அவ்வப்போது உருக்க வேண்டும். ஹீட்டரோ அதன் உணரியோ செத்தால் பனி வளர்ந்து காற்று வரும் வழியை அடைத்துவிடும். உறுதிசெய்ய எளிய வழி உண்டு. பொருள்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கதவுகளை ஒரு நாள் முழுக்கத் திறந்துவைத்து மறுபடி போட வேண்டும். சில நாள் பிரமாதமாக ஓடிவிட்டுப் பழையபடி கீழே சூடானால் பழுது பனி உருக்கும் பகுதியில்தான். இதற்கும் கேஸ் அடித்துப் பணம் வாங்குகிறவர்கள் உண்டு என்பதால் இந்தச் சோதனை தெரிந்திருப்பது நல்லது.

கதவு ரப்பரைப் பத்து ரூபாய்த் தாளால் சோதிக்கலாம். தாளைக் கதவிடுக்கில் பாதி வெளியே இருக்கும்படி வைத்து மூடி இழுத்தால் பிடித்துக்கொண்டு வர வேண்டும். எந்த மூலையில் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே ஈரக்காற்று நுழைகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். நுழைந்த ஈரம் பனியாகும், கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். பின்னாலிருந்து 'டிக்' என்றொரு ஓசை, சில நொடி உறுமல், மறுபடி 'டிக்', பிறகு அமைதி, சில நிமிடம் கழித்து மீண்டும் அதே வரிசை என்று கேட்டால் கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து முடியாமல் தோற்கிறது. மின்னழுத்தம் குறைவு, ரிலே பழுது, கம்ப்ரசர் இறுகல் ஆகிய மூன்றில் ஒன்று காரணம். முதலிரண்டும் மலிவானவை; மூன்றாவதற்கு இட்டுச்செல்வதும் அவைதாம். மின்தடைக்குப் பின் உடனே போடாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் விடச் சொல்வதும் இதனால்தான். குழாய்க்குள் இரு பக்க அழுத்தமும் சமனாக அந்த நேரம் வேண்டும்.

ஃப்ரிட்ஜ் ஓய்வெடுக்கிறதா என்பதை மின்மீட்டரே காட்டும். மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை என்று அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு ஐந்து முதல் எட்டு முறை மின்னுவது சுமார் 95 முதல் 150 வாட்டுக்குச் சமம். கம்ப்ரசர் நின்றதும் மின்னுவது ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால் ஃப்ரிட்ஜைக் கவனிக்க வேண்டும். வீட்டில் எல்லாம் அணைந்தபின்னும் விடாமல் மின்னினால் எங்கோ கசிவு இருக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கட்டணச் சீட்டை நம்பியிருந்தால் இவை தெரியவர நாளாகும்.

கீசருக்குக் கணக்கு இன்னும் எளிது. 15 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 1,880 கிலோஜூல் வேண்டும். 2,000 வாட் கீசருக்கு அது 16 நிமிட வேலை. உப்புத் தண்ணீர் ஊர்களில் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு படிவதால் நேரம் நீளும் என்று பலர் நினைக்கிறார்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும் கம்பியின் வெப்பம் நீரைத் தவிர வேறெங்கும் போக முடியாது; சுண்ணாம்பு அதைச் சற்றுத் தாமதப்படுத்தும், தடுக்காது. நேரம் நீண்டால் முதலில் ஐயப்பட வேண்டியது மின்னழுத்தத்தை. 230 வோல்ட் 200-ஆக இறங்கினால் திறன் கால் பங்கு குறைந்து, 16 நிமிடம் 21 ஆகும். சுண்ணாம்பு செய்யும் கேடு வேறு. போர்த்திய கம்பளிபோல் வெப்பத்தை மறித்து, கம்பியின் உட்புறத்தை அளவுமீறிச் சுடவைத்து அறுத்துவிடும். அதன் அறிகுறி ஓசைதான். சுண்ணாம்புப் படலத்துக்கு அடியில் நீர் கொதித்து வெடிப்பதால் கீசருக்குள் சோறு கொதிப்பதுபோல் கொடகொடவென்று கேட்கும். நீரில் செந்துரு நிறம் தெரிந்தால், தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் காக்கும் மக்னீசியத் தண்டு தீர்ந்து, தொட்டியே அரிபடத் தொடங்கியிருக்கலாம்.

கீசர், இஸ்திரிப் பெட்டி, ஏசி போன்றவை இழுக்கும் மின்னோட்டம் அதிகம் என்பதால் அவற்றின் பிளக்குகளைத் தனியே பார்க்க வேண்டும். 2,000 வாட் சாதனம் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்கும். சாக்கெட்டில் தளர்ந்த ஒரு பின்னில் 0.3 ஓம் தடை மட்டுமே இருந்தாலும், அந்தப் புள்ளியில் 23 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் இரும்பு 25 வாட். பிளக்குக்குள் அப்படி ஓர் இரும்பைச் சொருகி வைத்ததுபோல்தான். சூட்டில் உலோகம் கறுக்கும். கறுத்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு இன்னும் கூடும். தானாக ஆறாத பழுது இது. பயன்படுத்தி அணைத்தவுடன் பிளக்கைத் தொட்டால் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுகிறதா, பின் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சில வகை சுவிட்ச் பிளாஸ்டிக்குகள் பொசுங்கும்போது மீன் கவிச்சிபோல வாடை வரும். மீன் வாங்காத நாளில் கவிச்சி அடித்தால் சுவிட்ச் போர்டுகளை மோந்து பார்ப்பதில் தவறில்லை. இன்வெர்ட்டர் பேட்டரி அருகே அழுகிய முட்டை வாடை வந்தால் அது அளவுமீறிச் சார்ஜ் ஆகிறது. அங்கே தீக்குச்சி கிழிக்கக் கூடாது. சன்னலைத் திறந்து, சார்ஜை நிறுத்த வேண்டும்.

வாஷிங் மெஷினில் சொல்ல அதிகம் இல்லை. பிழியும் சுற்றில் மட்டும் விமானம் கிளம்புவதுபோல் இரைந்தால் பேரிங். இடம்விட்டு நகர்ந்தால் துணி ஒரு பக்கம் திரண்டிருக்கிறது, அல்லது தாங்கும் கம்பிகள் தளர்ந்திருக்கின்றன.

மின்சாரமில்லாத கேஸ் அடுப்புக்கு நிறமே அறிகுறி. நல்ல தீ நீலம். மஞ்சளாக எரிந்து பாத்திர அடி கரிபிடித்தால் காற்று போதவில்லை. எரிவாயு முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. பர்னர் துளையும் காற்று நுழையும் வாயும் அடைத்திருக்கும். உப்புப் போட்ட சாதம் பொங்கி வழிந்த பிறகும் தீ சற்று நேரம் ஆரஞ்சாக எரியும். அது சோடியத்தின் நிறம். கரி பிடிக்காது, தானே மறையும். ரப்பர் குழாய்க்கு ஐந்தாண்டு ஆயுள். வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். கசிவு சந்தேகத்துக்குச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதே சோதனை. தீக்குச்சி அல்ல. அவசரத்துக்கு இந்தியா முழுவதும் 1906 என்ற எண் இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் பல நாளைக்குச் சரிசெய்யலாம் என்று வைக்கக்கூடியவை. ஒன்றை மட்டும் அப்படி வைக்க முடியாது. ஃப்ரிட்ஜ் கைப்பிடியிலோ கிரைண்டர் உடலிலோ ஈரக்கையில் வரும் சிறு 'சுர்' உணர்வு அது. சில மின்னணுச் சாதனங்களில் வடிகட்டிகளின் இயல்பான சிறு கசிவாலும் அது வரலாம். ஆனால் எர்த் சரியாக இருந்தால் எந்தக் கசிவும் கையில் தெரியாது, கம்பி வழியே மண்ணுக்குப் போய்விடும். தெரிகிறது என்றாலே எர்த் இல்லை. மூன்று பின்னில் பெரிய பின்னை வெட்டிவிட்டு இரண்டு துளைச் சாக்கெட்டில் சொருகிய வீடுகளில் இது சாதாரணம். டெஸ்டர் விளக்கு மங்கலாக எரிவதை வைத்து ஆபத்தில்லை என்று தீர்மானிக்கக் கூடாது. சுமார் ஒரு மில்லியாம்பியரில் உணரத் தொடங்கும் உடல், பத்தைத் தாண்டினால் பிடித்ததைக் கைவிட முடியாமல் போகலாம். 30 மில்லியாம்பியர் கசிந்தால் கண்ணிமைப்பதற்குள் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி பொருத்திய வீட்டில், அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாத ஆர்சிசிபி இல்லாததற்குச் சமம். 'சுர்' என்றது எந்தச் சாதனமோ, அதை அன்றைக்கே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வைத்துவிடுங்கள். எர்த் பார்த்து முடிக்கும் வரை யாரும் அதைத் தொட வேண்டாம்.